உரோமாபுரிக்குத் தீ வைத்தது யார்?



"உரோமாபுரி பற்றி எரிந்தபோது நீரோ மன்னன் பிடில் வாசித்துக்கொண்டிருந்தானாம்" என்னும் பேச்சைக் கேளாதவர் நம் நாட்டில் இரார். ஊரில் குடிநீருக்குப் பஞ்சம் வந்திருக்கையில் ஊர்த் தலைவர் விழாக் கொண்டாடினால் இதைச் சொல்கிறோம். அடுப்பில் பால் பொங்கி வழிய, திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பவரையும் இதைச் சொல்லியே இடித்துரைக்கிறோம். சரித்திர ஆசிரியனாகிய நானும் பல்லாண்டுகள் இதை வகுப்பில் ஓதி வந்தவன்தான். உரோமப் பேரரசு என்ற பாடம் வந்துவிட்டால், அகஸ்டஸ், டைபீரியஸ், காலிகுலா, கிளாடியஸ், நீரோ என்று ஐந்து பெயர்களைக் கரும்பலகையில் எழுதுவேன். ஐந்தாம் பெயருக்கு எதிரே 'தீ, பிடில்' என்று குறிப்பேன். மாணவர் அதைப் படியெடுத்துக்கொள்வர். தேர்வில் எனக்கே திருப்பித் தருவர். நானும் மகிழ்ந்து மதிப்பெண் வழங்குவேன். கொடுத்த பொருள் குறையாமல் திரும்பி வந்ததைக் கண்டு மகிழும் வட்டிக்கடைக்காரரின் மனநிலையே அப்போது என் மனநிலை.

ஒரு நாள் வகுப்பில், வீட்டில் வயலின் பயின்றுவந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அந்தக் காலத்தில் உரோமாபுரியில் பிடில் இருந்ததா?" என்று வினவினாள்.

எனக்கு விடை தெரியவில்லை. மறுநாள் சொல்வதாகக் கூறி நூலகத்தை நாடினேன். இன்று நாம் வயலின் என்று அறியும் கருவி இத்தாலி நாட்டில் 16-ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. நம் கருநாடக இசைக்கு அது வந்து சேர்ந்தது, முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் காலத்தில். நீரோ இறந்ததோ கி.பி. 68-இல். ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்குப் பின் பிறக்கவிருந்த ஒரு கருவியை அவன் கையில் கொடுத்து, நானும் எனக்கு முன்னிருந்த ஆசிரியர்களும் அவனை வாசிக்கச் செய்திருக்கிறோம்! அவன் மீட்டியது நம் யாழுக்கு உறவான 'கித்தாரா' என்னும் நரம்புக் கருவி. பிடில் பொய் என்றால் தீயைப் பற்றிச் சொல்லப்படுவதில் எவ்வளவு மெய்? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் வகுப்பில், "இன்றுமுதல் நீங்கள் மாணவர்கள் அல்லர், புலன் விசாரணை அதிகாரிகள். வழக்கு கி.பி. 64-ஆம் ஆண்டுக்கு உரியது. குற்றம் சாட்டப்பட்டவன் நீரோ. சாட்சிகள் இறந்துவிட்டார்கள், அவர்தம் வாக்குமூலங்கள் இருக்கின்றன. பாடப் புத்தகத்தை மூடி வையுங்கள்" என்றேன். வகுப்பில் ஓர் ஆரவாரம் எழுந்தது. துப்பறியும் கதைகளைப் பாடப் புத்தகத்தின் நடுவில் ஒளித்து வைத்துப் படிக்கும் வழக்கம் மாணவரிடையே என்றும் உண்டு. தமிழ்வாணனின் சங்கர்லாலைப்போல் தேநீர் அருந்தினால்தான் துப்புத் துலங்கும் என்று ஒருவன் விண்ணப்பித்தான். தண்ணீர்ப் பானை வெளியே இருக்கிறது என்று சொல்லி அமர்த்தினேன்.

நான் தயாரித்துக்கொண்டு சென்றது ஒரு வழக்குக் கட்டு. முதல் தாளில் யாரும் மறுக்காத செய்திகள் மட்டும் இருந்தன. 64-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18-ஆம் நாளுக்கும் 19-ஆம் நாளுக்கும் இடைப்பட்ட இரவில், 'சர்க்கஸ் மாக்சிமஸ்' என்னும் பெரிய தேரோட்டக் களத்தை ஒட்டிய கடைகளில் தீ மூண்டது. எளிதில் பற்றும் சரக்குகள் நிறைந்த கடைகள் அவை. காற்று பலமாக வீசியது. குறுகிய, வளைந்து நெளிந்த தெருக்கள். ஆறு நாட்கள் எரிந்து அடங்கிய தீ மீண்டும் ஓரிடத்தில் கிளம்பியது. நகரின் 14 வட்டங்களுள் மூன்று தரைமட்டமாயின, ஏழில் இடிந்தும் கரிந்தும் சில வீடுகளே எஞ்சின, நான்கே தப்பின. தீ மூண்டபோது நீரோ நகரில் இல்லை. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் கடற்கரையோரம் உள்ள ஆன்டியம் என்ற ஊரில் இருந்தான்.

அடுத்த மூன்று தாள்களும் சாட்சிகள். டாசிடஸ் என்னும் வரலாற்றாசிரியர், தீ விபத்தாக மூண்டதோ மன்னன் செய்த சூழ்ச்சியோ உறுதியில்லை என்கிறார். இரண்டையும் எழுதியவர்கள் உண்டு என்று சொல்லி நிறுத்துகிறார். நீரோ திரும்பி வந்து, வீடிழந்தோர்க்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டதையும், ஆஸ்டியா துறைமுகத்திலிருந்து உணவுப் பொருள் வரவழைத்ததையும், தானியத்தின் விலையைக் குறைத்ததையும் அவரே எழுதுகிறார். நகரம் எரியும்போது மன்னன் தன் அரண்மனை மேடையில் நின்று ட்ராய் நகரத்தின் அழிவைப் பாடினான் என்பதை அவர் ஒரு வதந்தியாகவே குறிக்கிறார். இரண்டாம் சாட்சி சூட்டோனியஸ். இவருக்கு ஐயமே இல்லை: நீரோவே வெளிப்படையாகத் தீ வைத்தான், மெசீனாஸ் கோபுரத்தில் ஏறி நின்று நாடக உடையில் பாடினான். மூன்றாமவர் டையோ காசியஸ். நீரோ ஆட்களை ஏவி ஆங்காங்கே தீ வைத்தான் என்றும், அரண்மனைக் கூரையின்மீது ஏறிப் பாடினான் என்றும் இவர் சொல்கிறார்.

மூவரையும் படித்த மாணவர், "மூவரில் இருவர் குற்றவாளி என்கிறார்கள், ஆகவே குற்றவாளிதான்" என்று உடனே தீர்ப்பு எழுத முற்பட்டனர். தேர்தலில் வாக்கெண்ணுவதுபோல் சாட்சிகளை எண்ணிவிட்டனர். நான் ஒரே ஒரு வேலை கொடுத்தேன். ஒவ்வொரு சாட்சிக்கும் தீ மூண்ட ஆண்டில் என்ன வயது என்று கணக்கிட்டு எழுதும்படி சொன்னேன். சற்று நேரத்தில் வகுப்பில் அமைதி குடிகொண்டது. டாசிடஸுக்கு எட்டு வயது இருந்திருக்கலாம். அவர் இதை எழுதியதோ ஏறத்தாழ 50 ஆண்டுகள் கழித்து. சூட்டோனியஸ் பிறக்கவே இல்லை. டையோ காசியஸ் பிறக்க இன்னும் ஏறத்தாழ நூறாண்டு இருந்தது. அவர் எழுதிய இப்பகுதியும் முழுமையாகக் கிடைக்காமல், பின்னாளில் ஒரு துறவி சுருக்கி எழுதிய வடிவிலேயே நமக்கு வந்திருக்கிறது. "ஐயா, நாளாக நாளாகச் சாட்சிகளுக்கு உறுதி கூடிக்கொண்டே போகிறதே!" என்றான் ஒரு மாணவன். பிற்காலத்தில் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆராய்ச்சி முறையைப் பற்றித் தாம் ஓராண்டு நடத்தும் பாடத்தின் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது என்றார்.

பாடும் மன்னன் நிற்கும் இடத்தையும் நேயர்கள் கவனிக்க வேண்டும். ஒருவர் மேடை என்கிறார், ஒருவர் கோபுரம் என்கிறார், ஒருவர் கூரை என்கிறார். நேரிற் கண்ட செய்தியாயின் இவ்வளவு இடம் மாறுமா?

மேலும் ஒரு சாட்சியை நான் கட்டில் வைத்திருந்தேன். அது பேசாத சாட்சி, ஒரு கல். நீரோவுக்குப் பின் 81-ஆம் ஆண்டு முதல் 96-ஆம் ஆண்டு வரை ஆண்ட டொமீஷியன், தீ விபத்துகள் நேராதிருக்க வேண்டி நகரில் பலிபீடங்கள் அமைத்தான். அவற்றின் கல்வெட்டு, நகரம் ஒன்பது நாட்கள் எரிந்ததைக் குறிக்கிறது. எப்போது எரிந்தது? நீரோவின் காலத்தில். யாரால் என்பதைப் பற்றிக் கல்லில் ஒரு சொல்லும் இல்லை. டொமீஷியனின் குடும்பம் நீரோவின் மரபு அழிந்த பின் அரியணை ஏறிய குடும்பம். நீரோவைப் பழிக்க அவர்களுக்குக் காரணம் உண்டு. பாதுகாக்கக் காரணம் இல்லை. அப்படிப்பட்டவன் வெட்டுவித்த கல்லே பழி கூறாதிருப்பதை எவ்வளவுக்கு எடைபோடுவது? வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. பொதுமக்கள் கண்ணுக்குப் படும் வழிபாட்டுக் கல்லில் யாரும் குற்றப் பத்திரிகை எழுதமாட்டார்கள் என்று ஒரு சாரார் சொன்னது எனக்கும் பொருத்தமாகவே பட்டது.

அடுத்து நோக்கம் என்னும் கேள்வி எழுந்தது. தீயினால் நன்மை பெற்றவன் யார்? தீயில் அழிந்த இடத்தில் நீரோ 'பொன்மாளிகை' என்னும் பெரும் அரண்மனையை எழுப்பினான். அதன் நடுவே ஓர் ஏரியே வெட்டினான். இன்று உலகத்தார் சென்று வியந்து பார்க்கும் கொலோசியம் அந்த ஏரி இருந்த இடத்தில்தான் பின்னர் எழுந்தது. இது போதாதா? போதும் என்றார்கள் பலர். ஆனால் தீ விழுங்கிய கட்டடங்களுள் நீரோ தனக்கென அப்போதுதான் கட்டிக்கொண்ட மாளிகையும் ஒன்று. அவன் சேர்த்து வைத்திருந்த கலைப்பொருள்களும் போயின. அன்று பௌர்ணமி கழிந்து இரண்டொரு நாள். நிலவு காய்ந்த இரவு. களவாகத் தீ வைப்பவன் நிலவைத் தேர்ந்தெடுப்பானா என்று கிராமத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் கேட்டான். வைக்கோற்போருக்குத் தீ வைத்த வழக்கு ஒன்றை அவன் தன் ஊரில் நேரில் அறிந்தவன்! செலவையும் பார்க்க வேண்டும். அதே 64-ஆம் ஆண்டையொட்டித்தான் நீரோ பொன், வெள்ளி நாணயங்களின் எடையைக் குறைத்து, வெள்ளியில் கலப்பையும் கூட்டினான். கருவூலம் நெருக்கடியில் இருந்ததற்கு இது ஒரு தடயம். நம் கொங்கு நாட்டில் அகப்படும் உரோம வெள்ளிக் காசுகள் பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோர் வெளியிட்டவை என்பதையும், எடை குறைந்த காசை நம் வணிகர் விரும்பவில்லை என்று அறிஞர் சிலர் கருதுவதையும் சொன்னேன். உரோமாபுரியின் தீ கொங்கு நாட்டு வணிகரின் தராசுவரை எட்டியிருக்கக் கூடும் என்பது மாணவர்க்குப் பெருவியப்பாக இருந்தது.

'நன்மை பெற்றவன் யார்?' என்ற இக்கேள்வி உரோமரே வகுத்த கேள்வி. லூசியஸ் காசியஸ் என்னும் கண்டிப்பு மிகுந்த நீதிபதி ஒவ்வொரு வழக்கிலும் இதைக் கேட்பார் என்று சிசரோ பதிந்துவைத்திருக்கிறார். அதை எங்கே, எதற்காகச் சொன்னார் என்பதே எங்கள் இரண்டாவது வழக்காயிற்று. சொல்லப்போனால் நீரோ வழக்கைவிட இதுவே மாணவரைக் கட்டிப்போட்டது.

கி.மு. 81-ஆம் ஆண்டு. சுல்லா என்னும் தளபதி உள்நாட்டுப் போரில் வென்று சர்வாதிகாரியாக இருந்த காலம். பகைவர் என்று பட்டியலில் பெயர் எழுதப்பட்டவர்களை யாரும் கொல்லலாம்; அவர்தம் சொத்து ஏலத்துக்கு வரும். ஜூன் முதல் நாளோடு அப்பட்டியல் முடிந்துவிட்டதாக அறிவித்திருந்தார்கள். அதன் பின் ஓரிரவு, அமேரியா என்னும் ஊரைச் சேர்ந்த செக்ஸ்டஸ் ரோசியஸ் என்ற செல்வர், உரோமாபுரியில் விருந்துண்டு திரும்பும் வழியில் பலாசீனா நீராடுதுறை அருகே கொலையுண்டார். அவருக்கு 13 பண்ணைகள் இருந்தன. அடுத்த ஆண்டில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நின்றவன் அவருடைய சொந்த மகன். தந்தையைக் கொன்றவனை மூட்டையில் தைத்து நீரில் எறிவது உரோமரின் தண்டனை. அவனுக்காக வாதாட மூத்த வழக்கறிஞர் எவரும் முன்வரவில்லை. 26 வயது இளைஞர் சிசரோ முன்வந்தார்.

மாணவர்க்கு நான் முதலில் இரண்டு செய்திகளே கொடுத்தேன். கொலை நடந்த இரவிலேயே மால்லியஸ் கிளாசியா என்பவன் வண்டிகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பத்து மணி நேரத்தில் 56 மைல் கடந்து, விடியும் வேளையில் அமேரியாவுக்குச் செய்தி கொண்டுவந்தான். வந்தவன் மகன் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. இறந்தவருக்குப் பகைவனான காப்பிட்டோ என்ற உறவினன் வீட்டுக் கதவைத் தட்டினான். இவ்வளவுதான். மாணவர் கண்களில் ஒளி பிறந்ததை நான் கண்டேன். "சாவுச் செய்தியைச் சொல்ல இவ்வளவு விரைவு ஏன்? விரைந்து வந்தவன் பகைவனிடம் ஏன் போனான்?" என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். பிறகு எஞ்சியதை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். பட்டியல் மூடப்பட்ட பிறகும் இறந்தவரின் பெயர் அதில் நுழைந்தது. 60 லட்சம் செஸ்டர்ஸ் பெறும் அவருடைய சொத்தை வெறும் 2,000 செஸ்டர்சுக்கு ஏலத்தில் எடுத்தவன் கிரைசோகோனஸ். சுல்லாவிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்றுச் செல்வாக்கு அடைந்தவன். பண்ணைகளுள் மூன்று அந்தக் காப்பிட்டோவுக்குப் போய்ச் சேர்ந்தன. மகன் பெற்றதோ கூண்டு.

'நன்மை பெற்றவன் யார்?' என்று சிசரோ கேட்டது இந்த இடத்தில்தான். மகன் விடுதலையானான். சர்வாதிகாரியின் அன்புக்குரியவனைச் சபை நடுவே சுட்டிக்காட்டிய அந்த இளைஞரின் துணிவை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். வகுப்பும் கைதட்டியது. பாடம் இனிதே முடிந்தது என்று நான் கட்டை மூடப்போனேன்.

அப்போது பிடில் கேள்வி கேட்ட அதே மாணவி எழுந்தாள். "ஐயா, இதெல்லாம் சிசரோ சொன்னதுதானே? எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பேசியது எங்கே?" என்றாள்.

அது கிடைக்கவில்லை. வழக்குத் தொடுத்த எருசியஸ் பேசியது அழிந்துபோயிற்று. அவர் என்ன சொன்னார் என்பதும் சிசரோ அதை மறுத்துரைக்கும் அளவிலேயே நமக்குத் தெரியும். நாங்கள் கைதட்டியது ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டு. அவள் அத்துடன் நிற்கவில்லை. கொலை நடந்தபோது இறந்தவருடன் இரண்டு அடிமைகள் இருந்தார்கள் என்று கட்டிலேயே ஒரு குறிப்பு இருந்தது. அவர்களை விசாரணைக்கு அனுப்பும்படி மகன் பலமுறை கேட்டும் எதிரிகள் மறுத்துவிட்டார்கள் என்கிறார் சிசரோ. "நேரிற் கண்டவர்கள் அந்த இருவர்தாமே? அவர்கள் பேர்கூட இதில் இல்லையே" என்றாள்.

நேயர்களே, அந்தக் கேள்வி என்னை எங்கோ கொண்டுபோய் நிறுத்தியது. அதை இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. வகுப்பில் திரட்டிய தேர்வுக் கட்டணத்தில் ஒரு தொகை குறைந்தது. இடைவேளையில் வகுப்பிலேயே தங்கியிருந்த மாணவன் ஒருவன் இருந்தான். அவனுடைய தந்தைக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது என்பது எனக்குத் தெரியும். நன்மை பெறக்கூடியவன் யார்? லூசியஸ் காசியஸின் பெயரைக்கூட நான் அப்போது சரியாக அறியேன். ஆனால் அவருடைய கேள்வி என் வாயில் இருந்தது. மற்ற மாணவர் அத்தனைபேரையும் தனித்தனியே அழைத்துக் கேட்டேன். அவனைப் பற்றி அவர்களிடம் கேட்டேனேயன்றி, அவனை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே இல்லை என்று எண்ணினேன். யாரும் அவனைத் திருடன் என்று சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. மறு வாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஒரு திங்கள் கழித்து, பழைய வருகைப் பதிவேட்டின் ஒட்டிக்கொண்ட இரு தாள்களுக்கிடையே அந்தப் பணம் இருந்தது. வைத்தவன் நானே. அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டு அம்மையார் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளில் நான் அவனை மீண்டும் காணவில்லை.

அந்த மாணவிக்கு நான் அன்று கூறிய விடை, "உன் கேள்வியை எழுதி வை" என்பது மட்டுமே. ஆனால் அன்றுமுதல் நான் கட்டும் ஒவ்வொரு வழக்குக் கட்டின் கடைசியிலும் ஒரு வெற்றுத் தாள் இருக்கும். 'யாரை இன்னும் கேட்கவில்லை?' என்று அதன் தலையில் எழுதியிருப்பேன். தீர்ப்பு எழுதுமுன் அத்தாளை நிரப்பியாக வேண்டும்.

இம்முறையில் குறைகள் இல்லாமலில்லை. ஒரு வழக்குக்கு நான்கு பாட வேளைகள் போய்விடுகின்றன. அதற்குள் வேறு ஆசிரியர் மூன்று அதிகாரங்களை முடித்திருப்பார். பாடத்திட்டம் முடியவில்லை என்று மேலதிகாரிகள் குறிப்பெழுதியதும் உண்டு. துப்பறியும் ஆர்வத்தில் சில மாணவர், இல்லாத மர்மத்தை எல்லாம் கற்பித்துக்கொள்வர். மன்னன் எவன் இறந்தாலும் நஞ்சுதான் என்பார் சிலர். இவர்களைத் திருத்த நான் வெசூவியஸ் எரிமலையைப் பயன்படுத்துவேன். 79-ஆம் ஆண்டில் பாம்பேயி நகரை அது புதைத்தது. அதில் கொலைகாரன் இல்லை, சூழ்ச்சி இல்லை. கேள்வி ஒன்றே ஒன்று: எந்த மாதம்? இளைய பிளினியின் கடிதத்தைப் படியெடுத்தோர் வழியாக வந்த தேதி ஆகஸ்டு 24. ஆனால் மண்ணுக்குள் மாதுளை இருக்கிறது, குளிர்காயும் கணப்புச் சட்டி இருக்கிறது. 2018-ஆம் ஆண்டில் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் எழுதிய வரி ஒன்று வெளிப்பட்டது; அதிலுள்ள தேதி நம் கணக்கில் அக்டோபர் 17. கரி எழுத்து நெடுநாள் நிற்காது. ஆதலின் அது அவ்வாண்டே எழுதியதாக இருக்கலாம் என்பது ஒரு கட்சி. அதில் ஆண்டு குறிக்கப்படவில்லையே என்பது மறு கட்சி. ஒரு மாதத்தைத் தீர்மானிக்க இத்தனை பாடா என்று அலுத்துக்கொள்ளும் மாணவன், இரண்டு வேளை கழித்து மாதுளை எப்போது பழுக்கும் என்று என்னிடமே தகராறு செய்வான்.

நீரோ வழக்குக்குத் திரும்புவோம். மெய்யாகச் சொல்கிறேன், நான் அந்த வழக்கை நடத்தத் தொடங்கியபோது என் மனத்தில் விடுதலைத் தீர்ப்பு ஒன்று முன்னரே எழுதப்பட்டிருந்தது. பிடில் பொய்யானதும், எல்லாமே பொய் என்று கருதிவிட்டேன். ஆசிரியன் மனத்தில் தீர்ப்பு இருந்தால், கட்டில் எந்தத் தாளை வைப்பது, எதை விடுவது என்பதில் அது தெரியாமலிராது. சில ஆண்டுகளுக்குப் பின் அதைக் கண்டுபிடித்தவனும் ஒரு மாணவன்தான். டாசிடஸின் நூலை நூலகத்தில் எடுத்து, நான் கொடுத்த பகுதிக்கு அப்பாலும் படித்துவிட்டான். 65-ஆம் ஆண்டில் நீரோவைக் கொல்லச் சதி செய்து பிடிபட்டவர்களுள் சுப்ரியஸ் பிளேவஸ் என்ற மெய்க்காவற்படை அதிகாரி ஒருவன். விசுவாசப் பிரமாணத்தை ஏன் மறந்தாய் என்று மன்னன் கேட்டபோது, அவனுடைய குற்றங்களை முகத்துக்கு நேரே அடுக்கினான். தாயைக் கொன்றவன், மனைவியைக் கொன்றவன் என்பவற்றோடு தீ வைத்தவன் என்பதையும் சொன்னான். தீக்கு ஒரே ஆண்டு கழித்து, சாவை எதிரில் வைத்துக்கொண்டு, அரண்மனைக் காவலன் ஒருவன் சொன்னது! "இந்தத் தாள் ஏன் கட்டில் இல்லை, ஐயா?" என்று அவன் கேட்டபோது எனக்கு வியர்த்துவிட்டது.

அன்று வகுப்பில் குற்றவாளி என்னும் கட்சிக்குப் பெருத்த வலிமை உண்டாயிற்று. ஆனால் முன்வரிசையில் ஒருத்தி அதே நூலை வாங்கிச் சில பக்கங்கள் முன்னே புரட்டினாள். நீரோவைக் கொன்றுவிடலாம் என்று அந்தப் பிளேவஸுக்கு முன்னரே ஒரு எண்ணம் தோன்றியதாம். எப்போது? மன்னனின் மாளிகை பற்றி எரிய, அவன் காவலின்றி இருளில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தபோது. "கோபுரத்தில் நின்று பாடுகிறவன் எப்படி ஐயா இருளில் ஓடிக்கொண்டிருப்பான்?" என்றாள் அவள். ஒரே சாட்சி, ஒரு பக்கத்தில் குற்றம் சாட்டுகிறான், இன்னொரு பக்கத்தில், தான் அறியாமலே, பாடிய கதையைக் கெடுக்கிறான். அந்த ஒரு மணி நேரத்தில் நான் பேசியது மிகக் குறைவு.

தீர்ப்பு என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்பீர்கள். தீ வைத்ததற்குச் சான்று போதாது. பாடியதற்கு அதைவிடவும் போதாது என்று அவ்வகுப்பில் பெரும்பாலோர் எழுதினர். ஒரு சிலர் குற்றவாளியென்றே எழுதினர். அவர்களும் காரணம் காட்டியிருந்ததால் முழு மதிப்பெண் கொடுத்தேன். ஆனால் வேறொரு குற்றத்தில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தன்மேல் எழுந்த வதந்தியை அடக்க நீரோ கிறிஸ்தவர்கள்மேல் பழி சுமத்தி, அவர்களைக் கொடிய முறைகளில் கொல்வித்தான் என்று டாசிடஸ் எழுதுகிறார். அவர் கிறிஸ்தவர்களிடம் நல்லெண்ணம் கொண்டவர் அல்லர். அப்படியிருந்தும், அவர்கள் பட்ட பாட்டைக் கண்டு ஊராரே இரங்கியதாகக் குறித்திருக்கிறார். அந்தத் தாளைப் படித்தபோது வகுப்பில் சங்கர்லாலைப் பற்றி யாரும் பேசவில்லை.

கடைசி வெற்றுத் தாள்களைத் திரட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தேன். நீரோவைக் கேட்கவில்லை என்று பலர் எழுதியிருந்தனர். இறந்த கிறிஸ்தவர்களைக் கேட்கவில்லை என்று சிலர். தீயணைக்க அகஸ்டஸ் அமைத்த ஏழு படைப்பிரிவுகளில் ஒருவனையேனும் கேட்டிருக்க வேண்டும் என்று ஒருவன். வைக்கோற்போர் வழக்கை அறிந்த அந்தக் கிராமத்து மாணவனின் தாளில் இரண்டே வரிகள் இருந்தன. தேரோட்டக் களத்துப் பக்கத்துக் கடைகளில் ஒன்றில்தான் தீ முதலில் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கடைக்காரன் அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டுப் போனானா இல்லையா, அவனை யாராவது கேட்டார்களா என்று எழுதியிருந்தான்.